முட்டை விலையும் தறிக்காரர் கணக்கும்

நாமக்கல்லின் பெயர் தமிழ்நாட்டுச் செய்திகளில் ஆண்டு முழுக்க அடிபடுவது முட்டை விலையால்தான். 'நாமக்கல் மண்டலத்தில் முட்டை கொள்முதல் விலை 5 காசு உயர்வு' என்ற வரி தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும். மறுநாள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வரும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கிறது, நிருபர் வாங்கி அனுப்புகிறார். பண்ணைக்காரருக்கும் வியாபாரிக்கும் கேரளத்துக்கு லோடு ஏற்றுகிறவருக்கும் அது வேண்டிய செய்தி, பிழையில்லாத செய்தி. ஆனால் கூண்டு வரிசைகளுக்கு நடுவே 30 முட்டை அட்டைகளை அடுக்கிச் சுமக்கும் பெண்ணையோ, பண்ணைக்குள்ளேயே ஓர் அறையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளியையோ அந்த வரியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். விலை ஏறினால் அவர்கள் கூலி ஏறுமா என்று கேட்டு நான் ஒரு செய்தியும் படித்ததில்லை.

லாரி விஷயமும் அப்படித்தான். தமிழ்நாடு மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்தின் தலைமையிடம் நாமக்கல். தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர் சங்கமும் அங்கேதான். ஸ்டிரைக் அறிவித்தால் மாநிலமே திரும்பிப் பார்க்கும். எத்தனை லாரி நின்றது, நாளொன்றுக்கு எத்தனை கோடி இழப்பு என்பது சங்க நிர்வாகியின் வாய்மொழியாகவே அச்சேறும். வண்டி ஓடாத நாளில் டிரைவருக்குப் படி கிடையாது, கிளீனருக்கும் கிடையாது. அந்த இழப்பு கோடிக் கணக்கில் சேராது. 'உரிமையாளர்' என்ற சொல் சங்கத்தின் பெயரிலேயே இருப்பதால் யாருடைய கணக்கைப் படிக்கிறோம் என்பதாவது தெரிகிறது. அந்த மட்டில் நாணயம்தான்.

எளிய மனிதர்களைப் பற்றி எழுதுவது நல்ல மனசின் அடையாளம் என்றொரு எண்ணம் நம் பத்திரிகைகளில் ஊறிக் கிடக்கிறது. மே தினத்துக்கு ஒரு பக்கம், தீபாவளி மலரில் ஒரு கட்டுரை, சாக்கடைக்குள் இறங்கி ஒருவர் இறந்தால் ஒரு தலையங்கம். என் கட்சி வேறு. இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் செய்தித் தரத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும், அவர்களிடமிருந்து தொடங்காத செய்தி பல நேரம் தப்பான செய்தியாகவே முடிகிறது. நடந்தது முதலில் தெரிவது அவர்களுக்கு. காகிதத்தில் ஏறுவது பிற்பாடு, அதுவும் வேறு ஆட்களின் கையால். சேலம், நாமக்கல் சமவெளியின் சில சம்பவங்களை அடுக்கிப் பார்த்தால் இது விளங்கும் என்று நினைக்கிறேன்.

பழைய கதையிலிருந்தே தொடங்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா அடிபட்டது கொஞ்சநஞ்சமல்ல. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த அந்தப் பழைய ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பின்போது 19 லட்சத்துக்கு மேல் சனம். 1881இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் தானியக் கூலியை 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஒன்றரை பவுண்டிலிருந்து ஒரு பவுண்டாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் இன்றைய அளவில் அரைக் கிலோவுக்கும் கம்மி. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி அந்தச் சண்டையை ஆவணப்படுத்தி 1878இல் 2 தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். இன்றும் பஞ்சத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் அதைப் புரட்டாமல் நகர முடியாது. ஆனாலும் வாதம் முழுக்க அதிகாரிக்கும் அதிகாரிக்கும் நடுவில்தான். அந்த ஒரு பவுண்டைத் தின்று மண் சுமந்தவர்களிடம் 'போதுகிறதா' என்று கேட்டு எழுதியவர் அரிது. அவர்கள் இருப்பது வில்லோபி ஹூப்பர் எடுத்த படங்களில். எலும்புக்கூடுகளை வரிசையாக உட்கார வைத்தது போன்ற படங்கள். பார்க்கலாம், கேட்க முடியாது.

ராசிபுரத்தில் 1887இல் பிறந்த பெ. வரதராஜுலு நாயுடு சித்த வைத்தியராக இருந்து அரசியலுக்கும் பத்திரிகைக்கும் வந்தவர். சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' இதழைத் தொடங்கினார். பிற்பாடு 1932இல் சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஏட்டைத் தொடங்கியவரும் இவர்தான், பணமுடையால் அது கைமாறிப் போனது. மதுரை ஹார்வி ஆலைத் தொழிலாளர் பிரச்சினையில் 1918இல் பேசிய பேச்சுக்காக ராஜதுரோக வழக்கைச் சந்தித்தார். அவருக்காக வாதாடியவர் சேலம் வக்கீல் ராஜாஜி.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய விவகாரம் சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் காங்கிரஸ் நிதியுதவியோடு நடத்திய அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924, 25இல் அது தமிழ்நாட்டுக் காங்கிரஸையே இரண்டாகப் பிளந்தது. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் ஒன்று. வரதராஜுலு நாயுடு தம் ஏட்டில் விடாமல் எழுதினார். ஆனால் விஷயம் வெளியே வந்தது எப்படி? அங்கே படித்த ஒரு பையன் வீட்டுக்குப் போய், தனக்கு வேறு சாப்பாடு, வேறு இடம் என்று அப்பாவிடம் சொன்னான். அந்த அப்பா காங்கிரஸ் பிரமுகர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் என்பதால் பேச்சு சபை ஏறியது என்று பரவலாகச் சொல்வார்கள். குருகுலத்தின் நோக்க அறிக்கையில் தேசியமும் ஒழுக்கமும் இருந்திருக்கும். சாப்பாட்டு இலை எங்கே போட்டார்கள் என்பது அதில் இருக்காது. அதைச் சொல்ல ஒரு பிள்ளை தேவைப்பட்டான். ஏழைக் குடியானவன் மகன் சொல்லியிருந்தால் அது செய்தியாகியிருக்குமா என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்கான இதழ். ஆசிரியர் ராஜாஜி, துணைக்கு கல்கி. படம், கதை, பாட்டு என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும்படி நடத்தினார்கள். 10 இதழோடு நின்றது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்து ராஜாஜி சிறைக்குப் போனார். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணப் பிரதமராக அவர் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது இதே சேலம் ஜில்லாவில். ஒரு சின்னப் பத்திரிகையின் பேச்சு 8 ஆண்டில் சட்டமானது என்று பார்த்தால் பெருமையான கதைதான். என் தயக்கம் ஒன்றே. அந்த இதழ் எளிய மக்களுக்காக, அவர்கள் தமிழில் எழுதப்பட்டது. ஆனால் அதன் இலக்கு முன்கூட்டியே முடிவானது. குடிப்பவர் அங்கே திருத்தப்பட வேண்டியவர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த இதழுக்கு எதுவும் இருக்கவில்லை.

இந்த வேறுபாடு முக்கியம். மக்களுக்குப் புரியும்படி எழுதுவது ஒரு கலை. மக்களிடமிருந்து அறிவது இன்னொரு கலை. முதலாவதில் நாம் தேறிவிட்டோம். 1942இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் சின்னச் சின்ன வாக்கியங்களில், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில் செய்தியைக் கொடுத்து டீக்கடை வாசகரை உருவாக்கினார். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டின் எழுத்தறிவு வரலாறு தெரியாது. ஒரு தாளை நான்காகப் பிரித்துப் பெஞ்சில் நான்கு பேர் படிக்க, ஐந்தாமவர் காதால் படிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் அந்தத் தாளுக்குள் எளியவர் நுழையும் வாசல் எது? பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷன். வெட்டுப்பட்டால், தூக்கு மாட்டிக்கொண்டால், திருடி மாட்டினால் பெயரும் வயதும் தெருவும் வரும். உயிரோடு, குற்றமில்லாமல், கூலிக்குப் போய்வரும் 40 ஆண்டுகள் செய்தி ஆவதில்லை.

இதற்குக் காரணம் நிருபர்களின் கல்மனசு என்று சொல்லிவிடுவது சுலபம், நியாயமில்லை. தாலுகா அளவில் செய்தி அனுப்புகிறவர்களில் பலர் பகுதிநேர ஆட்கள். கையில் வருவது சொற்பம். விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். பள்ளிக்கூடம், நகைக்கடை, பண்ணை, கல்லூரி இவைதாம் விளம்பரம் தருபவை. காலையில் கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும், சாயங்காலம் எஸ்.பி. அலுவலகக் குறிப்பு. படத்தோடு வரும், தலைப்போடு வரும். பெட்ரோல் செலவு இல்லை, வம்பு இல்லை. ஒரு தறிக்காரர் சொல்வதை எழுதப் போனால் ஒருநாள் போகும், வண்டிச் செலவு போகும், மறுநாள் பட்டறை முதலாளியின் போன் வரும். இந்தக் கணக்கைத் தாண்டியும் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் நல்ல செய்திகள் எல்லாம் அவர்களால் வந்தவை.

பள்ளிப்பாளையத்துக்கு வருவோம். காவிரியின் இக்கரை நாமக்கல் மாவட்டம், பாலம் தாண்டினால் ஈரோடு. விசைத்தறிப் பட்டறைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பேட்டி எடுக்க முடியாது. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓடும் சத்தத்தில் தோளுக்குப் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் காதில் ஏறாது. தறி ஓட்டுகிறவர்கள் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், மிச்சம் கைச்சாடை. பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். ஒரே ஆள் நாலைந்து தறியைப் பார்த்துக்கொண்டு நடந்தபடியே இருப்பார். கூலி மீட்டர் கணக்கு. நின்று பதில் சொல்லும் நேரமெல்லாம் அவருக்கு மீட்டர் குறையும். ஆகவே அவரிடம் பேச நினைக்கிற நிருபர் ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கடைப் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் கொஞ்ச நேரத்துக்கு அவர் சத்தம் போட்டுத்தான் பேசுவார். காது அப்படிப் பழகிப்போயிருக்கும். அவர் பேச்சில் அடிக்கடி ஒரு சொல் வரும்: பாக்கி.

அகராதியில் பாக்கி என்றால் மிச்சம். தறிக்காரர் வாயில் அது முதலாளியிடம் வாங்கிய முன்பணம். வேலைக்குச் சேரும்போதே ஒரு தொகை கொடுத்து ஆளைப் பிடிப்பார்கள். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். தீர்க்கும் வழி, புது முதலாளியிடம் அதைவிடப் பெரிய பாக்கி வாங்குவது. ஹீர்ட் டி நேவ் என்ற மானுடவியலாளர் 1990களில் பக்கத்துக் குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்து, 2005இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது, தொழிலாளிகள் பாக்கியை வெறும் விலங்காகப் பார்க்கவில்லை என்பது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று மொத்தமாகப் பணம் புரட்ட அவர்களுக்கு இருந்த ஒரே வழி அது. ஆள் பஞ்சமான காலத்தில் அதைக் கேட்டு வாங்கும் தெம்பும் இருந்தது. முதலாளிகளோ பாக்கி கொடுத்து ஏமாந்தோம் என்று புலம்பினார்கள். கொத்தடிமை என்ற ஒற்றைச் சொல்லோடு ஊருக்குள் போயிருந்தால் இந்தச் சிக்கல் கண்ணில் பட்டிருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதால் பட்டது.

பாக்கியின் மேல் பிற்பாடு இன்னொரு அடுக்கு ஏறியது. வீட்டுப் பெண்களின் பெயரில் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன். வாரா வாரம் டியூ. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால் கேட்டு வருவது கடன்காரன் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரியும்தான். இந்த நிலையில்தான் 2025 ஜூலையில் பள்ளிப்பாளையம் தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் மாநிலச் செய்தியானது. அந்த ஊருக்கு அது புது விஷயம் அல்ல. பல ஆண்டுகளாக அவ்வப்போது வெளிப்பட்டு அடங்கியதுதான். இம்முறை அரசு விசாரணைக் குழு அமைத்தது, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அனுமதி பறிபோனது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

இங்கே காகிதத்துக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறவினர் அல்லாதவர் உறுப்பு கொடுக்க வேண்டுமானால் பாசத்தாலோ பற்றாலோ கொடுப்பதாக அங்கீகாரக் குழுவின் முன் நிறுவ வேண்டும். காசு கைமாறக் கூடாது. ஆக, கோப்பை எடுத்துப் பார்த்தால் ஒரு தறிக்காரர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாசத்தால் கிட்னி கொடுத்திருப்பார். கையெழுத்து, முத்திரை, புகைப்படம் எல்லாம் சரியாக இருக்கும். குழு கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று புரோக்கர் சொல்லிக் கொடுத்திருப்பார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கினாலும் அந்தப் பாசம்தான் கிடைக்கும். உண்மை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: விலாப்பக்கம் தழும்போடு மீண்டும் தறிக்கு நிற்கிறவரிடம். அதே சட்டம் காசு கொடுத்தவரோடு வாங்கியவரையும் தண்டிக்கும் என்பதால், நிருபரிடம் அவர் சொல்லும் வாக்கியம் செய்தியும் ஆகும், ஒப்புதல் வாக்குமூலமும் ஆகும். முகத்தை மறைத்தால் மட்டும் போதாது, தெருவையும் பட்டறையையும் சேர்த்து மறைக்க வேண்டும். வேகத்தில் ஓடும் சேனல்கள் இதை எந்த அளவு நினைத்துப் பார்த்தன என்று தெரியவில்லை.

கிட்னி விற்றால் என்ன ஆகும் என்பதை ஒரு கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆராய்ச்சியாளர்கள் சென்னையில் விற்றவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். மாதவ் கோயல் முதலானோர் 2001இல் கிட்னி விற்ற 305 பேரை நேரில் சந்தித்துப் பேசி, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு, கேட்ட அன்றும் கடன் இருந்தது. தங்களைப்போல் இன்னொருவர் விற்கலாமா என்று கேட்டதற்கு 79 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 'ஏழைக்குப் பணம், நோயாளிக்கு உயிர், இருவருக்கும் லாபம்' என்று அப்போது பொருளாதார மேதைகள் சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதத்தைச் சாய்த்தது, விற்றவர்களையே உட்கார வைத்துக் கேட்ட ஒரு கேள்வித்தாள். இது ஆராய்ச்சி என்றால் நல்ல செய்தியும் இதுதான்.

சாலைக்கு வருகிறேன். 2018இல் சேலத்துக்கும் சென்னைக்கும் எட்டு வழிச் சாலை என்று அறிவிப்பு வந்தது. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், பாதி நேரத்தில் பயணம். முதல் வாரங்களின் செய்திகள் இந்த எண்களைச் சுற்றியே நின்றன. பிறகு நில அளவைக்காரர்கள் கல் நட வந்தார்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் நட்ட கல்லைப் பிடித்துக்கொண்டு மாரடித்து அழுத காட்சி கைப்பேசிகளில் ஓடியது. கிணறு, தென்னை, குலதெய்வம், மாட்டுக் கொட்டகை என்று அவர்கள் சொல்லி அழுதது ஒப்பாரி போல இருந்தாலும், காது கொடுத்துக் கேட்டால் அது ஒரு சொத்துப் பட்டியல். எந்தத் திட்ட அறிக்கையையும்விட விவரமான பட்டியல். கூட்டங்களில் பேசியவர்கள் கைதானார்கள், திருவண்ணாமலைப் பக்கம் மக்களைப் பேட்டி எடுக்கப் போன கேரள ஊடகக்காரர்களையே போலீஸ் பிடித்து வைத்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தியதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் அதிகாரத்தை ஏற்று வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபடலாம். ஆனால் 277 கிலோமீட்டரின் இரு ஓரத்திலும் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தக் கருத்தை உருவாக்கிக்கொள்ள முடியாது. அதைத் தெரிய வைத்தது அமைச்சரின் பேட்டி அல்ல.

வடக்கே அரூர் வட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கடத்தல் சோதனை என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்பது அன்றைய அதிகார வட்டத்தின் நிலை. சோதனை நடத்தியவர்களின் குறிப்பை மட்டும் படித்தால் அது வெற்றிகரமான சந்தன வேட்டை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த மக்களின் சொல்லை வெளியே கொண்டுவந்தன. 2011இல் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி 2023இல் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு திருச்செங்கோடு கோயிலுக்கும் வேறொரு வழக்கில் இரண்டு நீதிபதிகள் நேரில் போனார்கள். கட்டுக் கட்டாக ஆவணம் மேசைமேல் இருந்தும் நீதிபதிகள் கிளம்பிப் போக வேண்டியிருந்தது.

அந்த வேறொரு வழக்கு, 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு. பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. முக்கியக் குற்றவாளியாகத் தேடப்பட்டவர் 100 நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். போலீசுக்குக் கிடைக்காதவர் சேனலுக்குக் கிடைத்தார். அந்த வாரங்களில் அவர் குரல் ஒலித்த அளவுக்கு மகனைப் பறிகொடுத்த தாயின் குரல் ஒலிக்கவில்லை. பிள்ளையைப் படிக்க வைத்த அந்தத் தாய் விடாமல் நடையாய் நடந்து வழக்கை மதுரைக்கு மாற்றக் கேட்டார், அரசு வழக்கறிஞரை மாற்றக் கேட்டார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் பெரும்பாலோரின் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. பேட்டி எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், தேடப்படுகிறவர் பேசுவதும் செய்திதான். ஆனால் அதற்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியாவது மறுபக்கத்துக்கு ஒதுக்கியிருந்தால் அந்தத் தாய் தனியாக நடந்திருக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்றுக்கு வழிவிட வேண்டும். எளியவர் சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் அருகே அத்திமூரில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தை ஊர்க்காரர்களே அடித்தார்கள், 65 வயது மூதாட்டி இறந்தார். அடித்தவர்களும் சாதாரண மக்கள்தான். ஊர்ப் பேச்சில் சாதி பேசும், பழைய பகை பேசும், பயமும் பேசும். கலெக்டர் குறிப்பைச் சரிபார்க்கிற அதே கறார் டீக்கடைப் பெஞ்சுக்கும் வேண்டும். நான் கேட்பது அதே கறார்தான், கூடுதல் சலுகை அல்ல. இப்போது நடப்பதோ தலைகீழ். அதிகாரி சொன்னால் 'தெரிவித்தார்', தறிக்காரர் சொன்னால் 'குற்றம் சாட்டினார்'.

சனங்களிடம் போன பிறகு என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில். பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுத உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நிருபர்கள் வந்து போனார்கள். எழுத வேண்டிய கொடுமைதான், எழுதியதால்தான் அரசும் அசைந்தது. ஆனாலும் பல கட்டுரைகளில் தாய் கொலைகாரியாகவும் கிராமம் காட்டுமிராண்டியாகவும் நின்றது. வரதட்சணை வாங்கியவர்களும் நிலத்தைப் பங்கு பிரித்தவர்களும் படத்துக்கு வெளியே இருந்தார்கள். சனங்களிடம் போவது மட்டும் போதாது என்பதற்கு இது அத்தாட்சி. அவர்கள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலே யார் என்று ஏறிப் போக வேண்டும். பி. சாய்நாத் 1990களில் ராமநாதபுரம், புதுக்கோட்டை உட்பட நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் நடந்து எழுதிய கட்டுரைகளின் பலம் அது. கட்டுரை தொடங்குவது கள் இறக்குகிறவரிடம் அல்லது கூலிக்காரியிடம், போய் நிற்பது டெண்டரிலும் கந்துவட்டியிலும். 2014இல் அவர் தொடங்கிய 'பாரி' ஊரக ஆவணக் களஞ்சியம் அந்த வழியில் தமிழிலும் வருகிறது.

கேட்க ஆளில்லாமல் போவது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடம் 2017 ஜூனில் தீப்பற்றி 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் அதற்கு 7 மாதம் முன்பே, பேரழிவு நடந்தால்தான் நிர்வாகம் திருந்தும் என்ற பொருளில் எழுதி வெளியிட்டிருந்தார்கள். படித்துவிட்டுக் கதவைத் தட்ட உள்ளூர் நிருபர் ஒருவர் இல்லை. வட்டாரப் பத்திரிகைகள் மெலிந்து போயிருந்தன. தீக்குப் பிறகு உலகத்துக் கேமராக்கள் எல்லாம் வந்தன. பள்ளிப்பாளையத்துக்கும் 2025 ஜூலையில் வந்தன.

வந்து போய்விட்டன. சேனல் வண்டிகள் திரும்பிய பிறகும் வார டியூ கட்டும் நாள் மாறவில்லை, தறிக்கூலி மீட்டர் கணக்கில்தான் ஓடுகிறது, பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் எந்த வட்டிக்குக் கொடுத்தார்கள், ஒரு வீட்டுக்கு எத்தனை குழு, மீட்டருக்கு இன்று என்ன கூலி, பத்து வருஷம் முன்பு என்ன கூலி என்று தெரு தெருவாகக் கேட்டு எழுதும் வேலை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது. காலை ஷிப்ட் விட்டு வெளியே வருகிறவர்கள் டீக்கடையில் பேப்பரைப் புரட்டுகிறார்கள். முட்டை விலை அன்றன்றைக்குச் சரியாக வந்துவிடுகிறது.